ஓட்டை இல்லாத சாடியில் செடி வளர்ப்பது

பூச்சட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஓட்டை இருக்கும். கண்ணாடிச் சாடியில் அது இல்லை. கண்ணாடிக்குள் செடி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் படும் பாடெல்லாம் அந்த இல்லாத ஓட்டையால்தான். ஊற்றிய தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. போட்ட உரத்தின் உப்புக்கும் வழியில்லை. சட்டியில் தண்ணீர் கூடினால் கீழே தட்டில் வடியும், துடைத்துவிடலாம். சாடியில் கூடிய தண்ணீரைச் செடி குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று குடிக்க வேண்டும்.

கொழும்புக் காற்றோ ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்திருக்கிறது. இங்கே ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல். மழைக்காலத்தில் அதைவிடவும் ஏறும். பகல் வெப்பநிலை ஆண்டு முழுக்க 30 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. குளிர்நாட்டு வீடுகளில் ஹீட்டர் போட்டுக் காற்றைக் காயவைத்து வாழ்கிறவர்கள் ‘தினமும் இலைக்குத் தண்ணீர் தெளியுங்கள்’ என்று எழுதுவது அவர்கள் வீட்டுக்குச் சரி. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அதையே செய்தால் இரண்டு கிழமையில் தண்டு கறுத்துக் கூழாகிவிடும்.

கண்ணாடியில் செடி வைக்க மூன்று வழிகள் உண்டு. மண்ணே இல்லாமல் தண்ணீரில் வளர்ப்பது ஒன்று. வாய் திறந்த சாடியில் மண்கலவை போட்டு நடுவது இன்னொன்று. மூன்றாவது, மூடி போட்ட சாடிக்குள் ஒரு சின்னக் காட்டை அடைத்து வைப்பது. இதைத்தான் டெரேரியம் என்கிறார்கள். மூன்றுக்கும் விதிகள் வேறு. ஒன்றின் விதியை மற்றதில் போடுவதால்தான் பாதிச் செடிகள் சாகின்றன.

மூடிய கண்ணாடி புதுச் சரக்கல்ல. 1829இல் லண்டன் வைத்தியர் நத்தானியேல் பாக்ஷோ வார்ட், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலில் இட்டு மூடி வைத்தார். புழுவைப் பார்க்கப் போனவர் கண்ணில் பட்டது, அந்த மண்ணில் தானாக முளைத்திருந்த ஒரு பன்னமும் ஒரு புல்லும். லண்டன் புகையில் வெளியே நட்ட பன்னங்கள் கருகிக்கொண்டிருந்த காலம் அது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிக்கு ‘வார்ட் பெட்டி’ என்று பெயர். 1876இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறிய சுமார் 1900 இறப்பர் நாற்றுகளும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் வந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டது அவற்றைத்தான். கடற்காற்றின் உப்பும் படாமல், நல்ல தண்ணீருக்கும் தவிக்காமல் நாற்று உயிரோடு கரை சேர்ந்ததற்குக் காரணம், உள்ளே இருந்த ஈரம் உள்ளேயே சுற்றியதுதான்.

தண்ணீர்ப் போத்தல்

முதன்முதலாகத் தொடங்குகிறவர் இதிலேயே தொடங்கலாம். மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடென்ரன், அக்லோனிமா, டிரெடஸ்கான்ஷியா எல்லாம் தண்ணீரில் நன்றாக வேர்விடும். லக்கி பம்பூவும் அப்படியே. பெயரில்தான் அது மூங்கில். உண்மையில் டிரசீனா இனம், இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகிறது. சமையலறை யன்னலுக்கு என்றால் சந்தையில் வாங்கிய பொன்னாங்காணிக் கட்டிலிருந்து நாலு தண்டு போதும்.

மணி பிளான்ட் கொடியில் இலை ஒட்டியிருக்கும் இடத்தில் கட்டையாக, பழுப்பு நிறத்தில் ஒரு முனை தெரியும். அதுதான் கணு. வேர் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத இலைக்காம்பைத் தண்ணீரில் வைத்தால் மாதக் கணக்கில் பச்சையாக நிற்கும், கொடியாகாது. கணுவுக்குக் கீழே ஒரு செ.மீ. விட்டு, சுத்தமான கத்தரிக்கோலால் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். மூன்று நான்கு இலை இருக்கட்டும். ஒன்று அல்லது இரண்டு கணு தண்ணீருக்குள் போக வேண்டும், ஆனால் இலை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. முதலில் அழுகுவது அதுதான், தண்ணீரைக் கலக்குவதும் அதுதான். வெட்டும்போது வழியும் சாறு சிலருக்குச் சொறியும். மணி பிளான்ட் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

400 மி.லீ. ஜாம் போத்தலுக்கு மூன்று தண்டு அளவு. நம் வெக்கைக்குப் பத்துப் பதினைந்து நாளில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். வேர் 5 செ.மீ. ஆனதும் தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, வேரின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் காற்றில் விடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, கழுத்து வரை நிரப்பி வைக்கிறார்கள். வேருக்கும் மூச்சு வேண்டும். 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும், 30 பாகையில் ஏழரைதான். வெப்பம் கூடும்போது ஒட்சிசன் குறைகிறது, அதே வெப்பத்தில் பக்டீரியாவும் வேகமாகப் பெருகுகிறது. வெக்கையில் போத்தல் தண்ணீர் சீக்கிரம் நாறுவதற்கு இது ஒன்றே போதும்.

ஆகவே தண்ணீரைக் கூட்டி ஊற்றாதீர்கள், மாற்றுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு தடவை முழுவதையும் கொட்டி, வேரைக் குழாயடியில் மெல்ல அலசி, புதுத் தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்த வாளியில் வைத்தால் குளோரின் மணம் பெரும்பாலும் போய்விடும். காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், வாளியும் நுளம்புக்கு ஒரு வீடுதான். மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் வளர்க்கிறவர்களுக்குச் சுண்ணக்கல் கிணற்று நீர் கண்ணாடியில் வெள்ளைப் படலம் போடும். அதற்கு வினாகிரியில் நனைத்த துணி போதும்.

ஐந்து நாள் என்ற கணக்குக்கு இன்னொரு காரணம் டெங்கு. நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். அதற்குள் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விட வேண்டும். ஆனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. ஈடிஸ் நுளம்பு முட்டையை ஒட்டுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான கண்ணாடிச் சுவரில். அது மாதக் கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். போத்தல் தூரிகையால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்டைச் சுற்றிப் போத்தல் வாயைப் பஞ்சால் அல்லது நுளம்புவலைத் துண்டால் அடைத்துவிடுங்கள். அலங்காரத்துக்குப் போடும் வண்ணக் கல், கண்ணாடி உருண்டை எதுவும் வேண்டாம். அவற்றின் இடுக்கில் கூத்தம்பிகள் ஒளிந்தால் கண்ணுக்குத் தெரியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் பூச்சாடியையும் பார்ப்பார். 2007இல் வந்த சட்டப்படி நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது குற்றம்.

வெறும் தண்ணீரில் மூன்று மாதம் போனால் புது இலை சிறுத்து வெளிறும். மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு விற்கும் அல்பேர்ட் கரைசல் தூளைப் பொதியில் சொன்ன அளவில் நாலில் ஒரு பங்கு கரைத்து, மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது விடுங்கள். கூடினால் வேர்நுனி பழுப்பாகும், கண்ணாடியில் பச்சைப் பாசி பிடிக்கும். பாசிக்கு வெளிச்சமும் உரமும் சேர்ந்தால் போதும். பழுப்பு நிறப் போத்தல் பாவித்தாலோ, போத்தலின் கீழ்ப்பாதியில் கடதாசி சுற்றினாலோ பாசி வராது, வேரும் இருட்டில் நன்றாகப் படரும். கண்ணாடியில் வேர் தெரிய வேண்டும் என்பதுதானே ஆசை என்றால், கிழமைக்கு ஒரு தடவை தேய்க்க ஆயத்தமாக இருங்கள்.

சட்டியில் வளர்ந்த செடியை மண்ணைக் கழுவிவிட்டுத் தண்ணீரில் வைக்கும் குறுக்குவழி அநேகமாகச் சரிவராது. மண்ணில் பழகிய வேர் தண்ணீரில் மூச்சுத் திணறி அழுகும். தண்டு வெட்டி முதலிலிருந்து தொடங்குவதே குறைந்த வேலை.

கல் அடுக்கு என்ன செய்கிறது, என்ன செய்யாது

மண்போட்ட சாடிக்கு வருவோம். அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் ‘வடிந்துவிடும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே வடியும்? சாடியை விட்டு ஒரு சொட்டும் போகாது. அது மட்டுமல்ல, நுண்ணிய மண் தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்திருக்கும், பெரிய இடைவெளி உள்ள கல்லுக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. மண் முழுதும் தெப்பமாக ஊறிய பிறகுதான் மிச்சம் கீழே இறங்கும். கல்லில் தண்ணீர் தெரிந்தால் மேலே மண் ஏற்கெனவே அளவுக்கு மேல் நனைந்துவிட்டது என்றே அர்த்தம்.

அப்படியானால் கல் எதற்கு? பார்ப்பதற்கு. கண்ணாடி வழியே கல்லடுக்கைப் பார்த்தால் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். கூடவே, தவறி ஊற்றிய ஒரு கரண்டித் தண்ணீர் வேரடியில் தேங்காமல் கீழே ஒதுங்க இடம் கிடைக்கிறது.

கல்லைப் போடும்போதே ஒரு தடித்த ஸ்ட்ரோவைச் சுவரோரமாகக் கல்லடுக்கின் அடிவரை நிறுத்தி வையுங்கள். அது உங்கள் கிணறு. தண்ணீர் கூடிவிட்டால் பாமசியில் விற்கும் 20 மி.லீ. சிறிஞ்சின் நுனியில் மீன்தொட்டிக் குழாயைச் செருகி அதன் வழியே உறிஞ்சி எடுக்கலாம். இரண்டு நிமிட வேலை. இது இல்லாதவர்கள் சாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் செடியையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள்.

15 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் உள்ள ஒரு சாடியைக் கணக்குக்கு எடுப்போம். கடைகளில் பிஸ்கட், டொபி போட்டு வைக்கும் கண்ணாடிப் போத்தல் ஏறத்தாழ இந்த அளவு வரும். கை உள்ளே போகிற வாய் இருக்க வேண்டும். ஒடுங்கிய கழுத்துள்ள போத்தல் படத்தில் அழகு, அழுகிய இலையை எடுக்கும் நாளில் தெரியும் அதன் அழகு. கழுவிக் காயவைத்த சாடியில் 2 செ.மீ. கழுவிய சல்லிக்கல், அதன்மேல் நுளம்புவலையில் வட்டமாக வெட்டிய ஒரு துண்டு, பிறகு ஒரு செ.மீ. சிரட்டைக்கரி. வலை இல்லாவிட்டால் மண் மெல்ல மெல்லக் கல்லுக்குள் இறங்கி, ஒரு வருடத்தில் இரண்டும் ஒரே சேறாகிவிடும். கரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தூள் போகும்வரை கழுவுங்கள். சாம்பல் ஒட்டிய கரி வேண்டாம், சாம்பல் காரம். கரி துர்நாற்றத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவே. அழுகலைத் தடுக்கும் மந்திரம் அதில் இல்லை.

மேலே 5 செ.மீ. மண்கலவை. தும்புத்தூள் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, உடைத்த கரி ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு அரைப் பங்கு. தோட்ட மண் வேண்டாம். ஓட்டையில்லாத சாடியில் அது களியாக இறுகும், கூடவே நத்தை முட்டையும் களைவிதையும் வரும். தும்புத்தூள் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கலாம். கடல்மணலும் அதே காரணத்தால் கூடாது. இரசாயன உரம் இதில் சேராது. வழியில்லாத சாடியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். செடி பெரிதாகாமல் இருப்பதுதான் நமக்கும் வேண்டியது.

கலவையின் ஈரத்துக்கு நல்ல அளவுகோல் புட்டு மா. கையில் எடுத்துப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. இடியப்ப மாப்போலக் குழைந்தால் ஈரம் கூடிவிட்டது. கடதாசியில் பரப்பி மின்விசிறியின் கீழ் ஒரு மணித்தியாலம் விடுங்கள். இந்தப் பதத்தில் நிரப்பி நட்டபின், சுவரில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லீ. தண்ணீர் சுவரோரமாக விட்டால் முடிந்தது. கோப்பையால் ஊற்றாதீர்கள்.

திறந்த சாடிக்குப் பெப்பரோமியா, குரோட்டன் நாற்று, சின்னச் சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ட் பொருந்தும். மேல்மண்ணில் 2 செ.மீ. ஆழம் விரலுக்குக் காய்ந்து பட்டால் மட்டும் 40 அல்லது 50 மி.லீ. விடுங்கள். ஏசி அறையில் அது ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவையாக இருக்கலாம், ஏசி இல்லாத அறையில் மழைக்காலத்தில் இரண்டு கிழமையும் ஆகலாம். நாள் பார்த்து ஊற்றுகிற பழக்கம் இங்கே உதவாது.

வண்ணமணல் அடுக்கி நடுவில் கள்ளியும் கற்றாழையும் குத்தி விற்கும் கண்ணாடிக் கிண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தை: வாங்காதீர்கள். வறண்ட நிலத்துச் செடிக்கு ஓட்டையில்லாக் கிண்ணமும் கொழும்பு ஈரமும் சேர்ந்தால் அடித்தண்டு அழுகாமல் இருப்பது அபூர்வம். யாரோ பரிசளித்துவிட்டார்கள் என்றால், ஓட்டை உள்ள களிமண் சட்டிக்கு மாற்றிக் காலை வெயிலில் வையுங்கள்.

மூடி போட்ட சாடி

இதற்குச் செடி நிழலையும் ஈரத்தையும் விரும்புவதாக இருக்க வேண்டும், கைக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். பிட்டோனியா, செலாஜினெல்லா, சின்ன இலைப் பைலியா, குட்டிப் பன்னங்கள், பாசி (போத்தலில் பிடிக்கும் பச்சைப் பாசியல்ல, மதிலில் படரும் ‘மொஸ்’). பத்தரமுல்லை தியத்த உயனவில் உள்ள செடிக் கடைகளில் பிட்டோனியாவைத் தேடிப் பார்க்கலாம். சொன்ன அளவுச் சாடிக்கு மூன்று செடி போதும், ஐந்து வைத்தால் இரண்டு மாதத்தில் நெரிசல். கண்ணாடியில் இலை ஒட்டக் கூடாது. ஒட்டிய இடத்தில் நீர் நின்று அந்த இலைதான் முதலில் அழுகும். மழைக்காலத்தில் மதில்களில் படரும் பாசியை எடுக்கலாம், ஆனால் நிழல் மதிலில் இருந்து எடுங்கள். வெயிலில் பழகிய பாசி உள்ளே நிலைக்காது. எடுத்ததைத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் அமிழ்த்தி வைத்தால் மறைந்திருக்கும் எறும்பும் குட்டி நத்தையும் வெளியே வரும்.

மூடியபின் தண்ணீர் உள்ளேயே சுற்றும். இலை ஆவியை விடும், ஆவி கண்ணாடியில் குளிர்ந்து துளியாகும், துளி மண்ணுக்கு இறங்கும். பகலில் இலை உணவு தயாரிக்கும்போது வெளிவிடும் ஒட்சிசனும் இரவில் செடியும் மண்ணும் மூச்சுவிட்டு வெளிவிடும் காபனீரொட்சைட்டும் இப்படியே கைமாறும். இந்தச் சுற்றில் நீங்கள் செய்ய வேண்டியது கண்ணாடியை வாசிப்பது மட்டும். காலையில் ஒரு பக்கம் பனித்துத் தெளிந்துவிட்டால் ஈரம் சரி. நாள் முழுதும் நாலாபக்கமும் பனித்து உள்ளே இருப்பது தெரியாவிட்டால் கூடிவிட்டது. கிழமைக் கணக்கில் பனியே படியாமல், மேல்மண் நிறம் வெளிறினால் ஒரு மேசைக்கரண்டி விடலாம்.

ஈரம் கூடினால் ‘மூடியைத் திறந்து வையுங்கள்’ என்பார்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் கொழும்பு வீட்டில் திறந்து வைத்து என்ன காயப்போகிறது? வெளியேயும் அதே ஈரம். ஓடும் மின்விசிறிக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் திறந்து வையுங்கள், அல்லது ஏசி அறைக்குக் கொண்டுபோங்கள். அதைவிட எளியது: உள்சுவரில் படிந்த நீரை டிஷ்யூவால் துடைத்து எறிவது. துடைத்த நீர் திரும்பி வராது. மூன்று நாள் காலையில் செய்தால் வித்தியாசம் தெரியும்.

ஏசி ஒரு பொய்யும் சொல்லும். அறை குளிர்ந்ததும் கண்ணாடி முதலில் குளிரும், உள்ளே சூடான ஈரக்காற்று அதில் படிந்து திடீரெனப் பனிக்கும். ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்தால் பனி வெளிப்பக்கம் படியும். இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். ஏசி நிறுத்தி இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள்.

வெயில்

மூடிய சாடிக்கு நேர்வெயில் எமன். வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே போய் வெப்பமாகும், சூடான காற்று வெளியேற வழியில்லை. மதியத்தில் பூட்டி வெயிலில் விட்ட கார் எப்படி இருக்கும், அப்படித்தான். அரை மணித்தியாலத்தில் இலை வெந்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த யன்னல் மேற்கு யன்னல், மாலை வெயில் முழுதாக விழும். அங்கிருந்து ஒன்றரை மீற்றராவது உள்ளே தள்ளுங்கள். கிழக்கு யன்னலில் மெல்லிய திரைக்குப் பின்னால் வைக்கலாம். வடக்கு யன்னலை ‘எப்போதும் நிழல்’ என்று நம்ப வேண்டாம். கொழும்பில் சூரியன் ஏப்ரலின் முதல் பாதியில் தலைக்கு நேரே வந்து, அதன்பின் செப்டெம்பர் முதல் கிழமைவரை வடக்குப் பக்கமாகவே போகும். மே, ஜூனில் வடக்கு யன்னலில் காலையும் மாலையும் சரிந்த வெயில் விழும். டிசம்பரில் தெற்கு யன்னலின் முறை.

மதியம் வெள்ளைத்தாளுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். நிழல் மங்கலாக, ஓரம் கலைந்து விழுந்தால் பொருத்தமான இடம். கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தால் வெயில் கூட, நிழலே தெரியாவிட்டால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று நீளும். இருண்ட ஹோலில் ஒரு வெள்ளை எல்.ஈ.டி. பல்பை 30 செ.மீ. மேலே தொங்கவிட்டு நாளுக்கு 12 மணித்தியாலம் எரியவிட்டால் போதும். கிழமைக்கு ஒரு முறை சாடியைக் கால்வட்டம் திருப்புங்கள்.

மணமும் பூஞ்சணமும்

மூடியைத் திறந்ததும் மழை பெய்த தோட்டத்து மணம் வந்தால் நலம். அழுகிய முட்டை மணம் வந்தால் கீழே ஒட்சிசன் இல்லாமல் நீர் தேங்கிவிட்டது. ஸ்ட்ரோ வழியே உறிஞ்சுங்கள். மணம் ஒரு கிழமையில் போகாவிட்டால் சாடியைக் கலைத்துப் புதுக் கலவை போடுவதுதான் வழி, மேலே மருந்து தெளித்துப் பயனில்லை.

முதல் இரண்டு கிழமையில் மரத்துண்டிலோ கூட்டெருவிலோ வெள்ளைப் பூஞ்சணம் படர்வது வழக்கம். பஞ்சால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இலையில் வந்தால் அந்த இலையைக் காம்போடு வெட்டி எடுங்கள், அது பக்கத்துக்குப் பரவும். மண்ணைச் சுற்றிக் கடுகளவில் கறுப்பாகப் பறப்பவை நுளம்பல்ல, மண்ணில் பெருகும் ஒரு சின்ன ஈ வகை. அவற்றின் புழு ஈரமான மேல்மண்ணில் வாழும். திறந்த சாடியில் மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றைக் குத்தி வைத்தால் மூன்று கிழமையில் குறையும்.

பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகிறவர்கள் மூடிய சாடியை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. வெயில் படாத இடத்தில் ஒரு மாதம் தன்பாட்டில் இருக்கும். திறந்த சாடிக்குப் போகும் நாளில் வழக்கமான அளவு மட்டும் ஊற்றுங்கள், முன்கூட்டியே கூட்டி ஊற்றினால் திரும்பி வரும்போது செடி இருக்காது. தண்ணீர்ப் போத்தல்தான் சிக்கல். ஐந்து நாளுக்கு மேல் போவதானால் தண்டுகளை எடுத்து, போத்தலைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். வேரை ஈரத் தும்புத்தூளில் பொதிந்து, பொலித்தீன் பையைத் தண்டளவில் தளர்வாகக் கட்டி, நிழலில் நிறுத்தினால் இரண்டு கிழமை தாங்கும்.